கம்பிப்பாலம் யாருடைய பெயர்

பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தர்மினி சொன்னபோது நைஜலுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"எங்க எஸ்டேட் பேர எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? யாழ்ப்பாணத்து மூளைக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"அந்த மூளை இருக்கறதாலதான் உன் சம்பல் கணக்கு நேரா போகுது. தள்ளு லா, நானே பாக்கறேன்."

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடிதான் அவர்களுடைய கம்பெனி. தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலை வேலையை நைஜல் விட்டான்; தர்மினி வங்கி வேலையை விட்டாள். இருவரும் பாதிக்குப் பாதி கூட்டு. நெத்திலிச் சம்பலைப் பாட்டிலில் அடைத்து வாரச் சந்தைகளில் விற்றுக்கொண்டிருந்தவர்களை இப்போது ஈப்போவின் பெரிய பேரங்காடி ஒன்று கூப்பிட்டிருந்தது. அலமாரியில் இடம் தருகிறோம், பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். விண்ணப்பம் போடுவதற்குமுன், அதே பெயரை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று வணிகமுத்திரைப் பதிவுகளில் பார்த்துவிட வேண்டும்.

பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர், கம்பிப்பாலம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே நைஜல் பிறந்த தோட்டத்துக்குக் கம்பெனிக்காரன் வைத்தது ஏதோ ஒரு ஸ்காட்லாந்து ஊரின் பெயர். பலகையில் அது இருந்தது. வாயில் யாருக்கும் நுழையவில்லை. ஆற்றின் மேல் கம்பியில் தொங்கிய பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் சனங்கள் கம்பிப்பாலம் என்றார்கள். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, ஆட்களும் நாலா பக்கம் சிதறிவிட்டார்கள். ஆனாலும் கல்யாண வீடுகளில் "நீங்க எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை என்பதில் நைஜலுக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை.

திரையில் முதல் வரியிலேயே அது வந்து நின்றது. கம்பிப்பாலம். சம்பல், ஊறுகாய், மிளகாய்ச் சாந்து. விண்ணப்பித்தவர் வீரம்மா, பீடோர். எதிர்ப்பு இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பும் வந்தாயிற்று.

நைஜல் திரையருகே குனிந்து அந்த வரியை மறுபடி படித்தான். பிறகு, "கள்ளி" என்றான். "நம்ம எஸ்டேட்டுப் பொம்பளதான். சந்தையில நம்ம பாட்டில பாத்திருக்கா."

"கத்தாத. மொதல்ல வித்தது நாமதான், போட்டோ இருக்கு, ரசீது இருக்கு. எதிர்ப்புப் போட்டா நிக்கும். ஆனா யாருன்னு பாத்துட்டுப் போடுவோம்."

சனிக்கிழமை நைஜல் பீடோருக்குக் காரோட்டினான். வழியெல்லாம் உதட்டுக்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். தர்மினி அவனை அவன்பாட்டுக்கு விட்டுவிட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடைவீட்டில் வீரம்மா தொலைபேசியில் மிளகாய்க்காரனை வறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது. நைஜல் தன் பாட்டிலை அவர் மேசையில் வைத்தான். அதைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது.

"அட, நீதானா! ஃபேஸ்புக்ல பாத்தேன் தம்பி. பேர பதியறதுக்கு முன்னால என் மருமவ தேடிப் பாத்தா. பதிவுல ஒருத்தரும் இல்ல, ஃபேஸ்புக்ல நீ நிக்கிற. 'அத்தை, ஒங்க பேர ஒருத்தன் அடிச்சிட்டான்'னு குதிச்சா. நான்தான் சொன்னேன், விடுடி, நம்ம எஸ்டேட்டுப் பையனாத்தான் இருப்பான், பொழைச்சிட்டுப் போகட்டும்னு. ஒக்காரு ஒக்காரு. யாரு வீட்டுப் புள்ள நீ?"

ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் நைஜலுக்கு வாயில் வரவில்லை. "எல்ஸி டீச்சர் மகன் அக்கா. சர்ச்சுக்குப் பக்கத்து வீடு."

"நம்ம எஸ்டேட்டுல ஏது சர்ச்சு?"

"சுங்கை சிப்புட்... ஆத்தத் தாண்டி..."

"சுங்கை சிப்புட்டா? எங்க கம்பிப்பாலம் இங்க இருக்கு, பீடோர் ஆத்துக்கு அந்தாண்ட."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆற்றுக்கு அப்பால் தோட்டம் போட்ட கம்பெனி எதுவானாலும் கம்பியில்தான் பாலம் கட்டியிருக்கும். பாலத்தைத் தாண்டிப் போன சனங்களும் கண்ணில் பட்டதைத்தான் பெயராகச் சொல்லியிருப்பார்கள். பேரா மாநிலத்தில் இப்படி இன்னும் எத்தனை இருக்குமோ.

"அப்ப நீ நம்ம ஆளு இல்ல" என்றார் வீரம்மா. குரலில் கோபம் இல்லை. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது பார்த்தது வியாபாரியின் கண். "எங்க பையன்னா அது ஒரு பேச்சு. இல்லேன்னா நான் யோசிக்கணும். நீ சண்டைக்குத்தான வந்த?"

பொய் சொல்ல நைஜலுக்கு வாய் வரவில்லை. "ஆமாக்கா."

"நெனச்சேன். சனிக்கிழமையும் அதுவுமா சட்டைய இன் பண்ணிக்கிட்டு பீடோருக்கு எவன் வாரான்?"

தர்மினி சிரித்துவிட்டாள். காப்பி வந்தது. நைஜல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். இந்த அம்மாளும் தேடியிருக்கிறார், அவனும் தேடினான். இருவருமே ஒரே அறியாமையில் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஆளின் கையில் தன் பெயரைப் பார்த்து அவர் தன் ஊர்ப் பையன் என்று நினைத்தார். அவனோ 'கள்ளி' என்றான். அவன் முந்திப் பதிந்திருந்து, இவர் பாட்டிலோடு ஜெலாப்பாங் மாடிப்படி ஏறி வந்திருந்தால்? படியிலேயே நிறுத்தி விரட்டியிருப்பான்; அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவனைக் குடைந்தது.

"அக்கா, மொதல்ல வித்தது நாங்க" என்று தர்மினி தொடங்கினாள். "அதுக்கு ஆதாரம்..."

"எங்க பக்கத்துலேர்ந்து எதிர்ப்பு வராதுக்கா" என்று நைஜல் குறுக்கே சொன்னான். "நாங்க பேர மாத்திக்கறோம்."

வீரம்மா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "இருக்கற பாட்டில வித்து முடி, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். புதுசா லேபிள் அடிக்காத" என்றார்.

காரில் ஏறியதும் தர்மினி வெடித்தாள். "பாதி கம்பெனி என்னுது. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன். அதுக்காகக் கேக்காம விடுவியா?"

நைஜல் மன்னிப்புக் கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாப்பாவில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இறங்கி, பேரங்காடியின் கொள்முதல் மேலாளரை அழைத்தான். அந்தப் பெயர் கிடைக்காது என்றான். "அப்போ என்ன பேரு?" என்றார் அவர். "இன்னும் வைக்கல" என்றான். அதுவரை இடத்தைப் பிடித்துவைக்க முடியாது, வரிசையில் வேறு ஆள் இருக்கிறார், பெயர் பதிந்தபிறகு புதிதாக வந்து கேளுங்கள் என்றார். சரி என்றான்.

திரும்பி வந்தபோது தர்மினி ஓட்டும் இருக்கையில் இருந்தாள்.

"எடம் குடுக்கல?"

"குடுக்கல."

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியபின் அவள் சொன்னாள்: "அடுத்த பேர நான்தான் வைப்பேன்."

"வை."

"நீ வாயத் தொறக்கக் கூடாது."

கோப்பேங் தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.