வேலியும் மீசையும்

"இந்த வெயில்ல குச்சி நட்டா குச்சியாத்தான் நிக்கும். நீ ஊருக்குப் போய்ட்டு வர்றப்ப இதுல பாதி துளிர்த்திருந்தாக்கூட என் மீசையை எடுத்துடறேன்" என்று மீசை டிரைவர் சொன்னது பேச்சுவாக்கில்தான். குழி தோண்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரி அவள்.

"என் கத்திரியாலதான் எடுக்கணும்" என்றாள்.

மழை கண்ணில் பட்டு மாதக்கணக்காகிவிட்டது. லாரித் தண்ணீர் வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து வந்தது. மழை வரட்டும், நடலாம் என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அவள் கேட்டால்தானே. ஒவ்வொரு வாடகை வீட்டைக் காலி செய்தபோதும் டப்பாவில் வளர்த்த செடிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். இது சொந்த வீடு. தரையில் வேர்விடுகிற ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அளவு நாடா பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, சட்டைக்குப் பொத்தான் வைப்பதுபோல் சம தூரத்தில் வேலிக்குச் செம்பருத்திக் குச்சிகளை ஊன்றினாள். மறுநாளே, கால் முறிந்து படுத்திருந்த தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பஸ் ஏறிவிட்டாள். தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தயம் கட்டியவனிடமே போய் யாராவது உதவி கேட்பார்களா?

டிரைவருக்கு ஏகக் குஷி. கல்யாணத்துக்கு முன்பே வந்த மீசை அது. பஸ் டிப்போவில் அவருக்குப் பெயரே அதுதான். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் மீசை பிழைத்துவிடும். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வேலியோரம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும், மண்ணை அமுக்கிய அவளுடைய விரல் தடம் காய்ந்து கிடந்தது. கடைசிக் குச்சியில் கடுகளவு பச்சை. வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது அவருக்கு. அவளை மனம் தேடியது, வேறென்ன.

அன்றிலிருந்து குளியலையே வேலியோரத்துக்கு மாற்றிக்கொண்டார். சோப்பு கிடையாது. குச்சிக்கு ஒரு சொம்பு, தலை வழியாக. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த குச்சி.

"என்ன மீசை, ஒரே இடத்துல நின்னு குளிக்க வராதா?" என்று கேட்டார் எதிர்வீட்டு பேக்கரிக்காரர்.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கணும்ல. தொழில் பழக்கம்."

உச்சி வெயிலுக்கு நிழல் வேண்டுமே? தையல் மெஷினடியில் வெள்ளைத் துணித் துண்டுகள் குவிந்து கிடந்தன. வெட்டியது போக மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டு, குச்சிக்கொரு குடையாகக் கட்டிவிட்டார்.

அவள் திரும்பி வந்து, கையில் பையோடு வாசலிலேயே நின்றாள்.

"இதெல்லாம் என்னன்னு தெரியுதா? பேக்கரி ஆளுங்க சட்டையோட கை. வெட்டி வச்சிட்டுப் போனேன்."

டிரைவர் எதிர்வீட்டைப் பார்த்தார். தன் ஆட்களின் சட்டைக் கைகள் காற்றில் ஆடுவதை அந்த மனுஷர் தினமும்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவள் கோபத்தோடு ஒரு கையை உருவினாள். அடியில் இரண்டு இலை. அடுத்ததையும் உருவினாள். அதற்கடுத்ததை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடினாள். கடைசிவரை போய்வந்தாள். ஒன்றுகூடத் தவறாமல் துளிர்த்திருந்தது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

"மழை பேஞ்சுது" என்றார், வானத்தைப் பார்த்து.

ஈர மண்ணைத் தொட்டாள். பிறகு அவர் மீசையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"மீசை இருந்துட்டுப் போகட்டுங்க."

"பந்தயம்னா பந்தயம்தான். கத்திரியை எடுத்துட்டு வா."

வேலியோரமாக முக்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் ஒரு சட்டைக் கையை அவர் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். சிரிப்பில் கத்திரி ஆடியது. "ஆடாதீங்க" என்று அவரை அதட்டினாள். எதிர்வீட்டில் பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டோடு வெளியே வந்து நின்றுவிட்டார். முதல் கற்றை செம்பருத்தித் துளிரின் மேல் விழுந்தது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கிருந்தோ கொஞ்சம் காற்று வந்து மேலுதட்டில் பட்டது.