எண்பத்தெட்டாவது நாள்

விடுமுறையாம், விடுமுறை! அந்த விசாவுக்குப் பேர் வைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால், நாரே அவன் கழுத்தில் ஆரஞ்சுப் பையை மாட்டி ஏணியில் ஏற்றிவிட்டிருப்பாள். வொர்க்கிங் ஹாலிடே விசா. ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் பார்க்கலாம் என்று கொரியாவில், இன்ச்சியோன் நகரத்து ஏஜென்சிக்காரி பல்லெல்லாம் தெரியச் சொல்லி அனுப்பினாள். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் இருக்கலாம். இரண்டாவது வருடம் வேண்டுமென்றால், பட்டணத்தை விட்டு எங்கோ தள்ளி, ஒரு பண்ணையில் எண்பத்தெட்டு நாள் முதுகு ஒடிய வேண்டும். போதாததற்கு, முப்பத்தொரு வயது ஆவதற்குள் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாரேவுக்கு முப்பத்தொரு வயது. இன்று புதன்.

ஆனாலும் அவள் குதித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருந்த காலண்டரில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். இன்றோடு எண்பத்தெட்டு வட்டம். திரும்பி வரும்போது வேனிலேயே "முடிஞ்சுதுடா சாமி!" என்று கத்தினாள். வண்டி ஓட்டிய பியோ கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். கொரியாக்காரப் பிள்ளைகளைத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போய் இறக்கும் காண்டிராக்டர் அவன். அடுத்த நாள் யார் யாருக்கு வேலை என்று அவர்கள் தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் தொங்கும் வெள்ளைப் பலகையில் அவன்தான் எழுதுவான். எழுதாத பேருக்கு வேலை கிடையாது, அவ்வளவுதான்.

குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, நாரே, நாளுக்கு ஒன்றாகப் பியோ தந்த சம்பளச் சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். விண்ணப்பத்தில் காலண்டர் செல்லாது, சீட்டுதான் செல்லும். எண்ணினாள். எண்பத்தேழு. அவசரத்தில் ஒன்றை விட்டிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். எண்பத்தேழு. மூன்றாம் தடவையும் எண்பத்தேழுதான்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்டாள் யேரின். நாரேவின் அறையில் மேல்கட்டிலில் படுக்கிறவள். இருபத்துநாலு வயது. இருவரும் ஒரே வாரத்தில் இந்த வீட்டுக்கு வந்தவர்கள்.

"ஒரு நாள் கொறையுதுடி."

"போக்கா, நீ ஒழுங்கா எண்ணியிருக்க மாட்டே. நான் காலண்டரப் படிக்கிறேன், நீ சீட்டப் பாரு."

மார்ச்சிலிருந்து ஒவ்வொரு தேதியாகப் படித்தாள். ஏப்ரல் இருபத்திரண்டு வந்ததும் யேரினே நிறுத்திவிட்டாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அன்றைக்குப் பலகையில் யேரின் பேர் இருந்தது, நாரே பேர் இல்லை. விடிந்தால் யேரினுக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. பேர் எழுதியவள் வராமல் போனால் ஒரு வாரத்துக்கு அவள் பேரையே எழுத மாட்டான் பியோ. அதனால் நாரே அவளுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவளுடைய நம்பரைப் பழம் கொட்டும் தொட்டியில் ஒட்டி, நாள் முழுக்க யேரினாகப் பழம் பறித்துவிட்டு வந்தாள். நாள் யேரினின் சீட்டில் ஏறியது. ஆனால் சாயங்காலம் வந்து பழக்கதோஷத்தில் காலண்டரில் வட்டம் போட்டது நாரே. வெயிலில் காய்ந்தது அவள் முதுகுதானே! அந்த நாள் தன்னுடையது இல்லை என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றவேயில்லை.

யேரின் தன் சீட்டுகளை எண்ணிப் பார்த்தாள். சரியாக எண்பத்தெட்டு.

"நீ போட்டுரு யேரின். இப்பவே விண்ணப்பத்தப் போட்டுரு," என்றாள் நாரே.

"சும்மா இருக்கா. எனக்கு விசா முடிய இன்னும் பத்து நாள் கெடக்கு. நாளைக்கு ஒரு நாள் போயிட்டு வா, சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்தே போடுவோம். சேந்து போடணும்னுதானே பேசி வச்சோம்?"

அப்போதுதான் நாரே பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு பேர். அவள் பேர் இல்லை. வேனில் கத்தினாளே, முடிந்தது என்று! நாள் முடிந்தவளுக்கு எதற்கு வேலை என்று பியோ புதுப்பையன் ஒருவனை எழுதிவிட்டுப் போயிருந்தான். வாய் இருக்கிறதே வாய், அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. நாரே தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. திரும்பிப் போனால் என்ன காத்திருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. டிவியில் சாமான் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு. ஏழு வருடம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அம்மா ஆத்தா என்று திட்டுகிறவனிடமெல்லாம் "மன்னிச்சுக்கோங்க, அன்பான வாடிக்கையாளரே" என்று சொன்னவள். கடைசி வருடம் போன் அடித்தாலே வாந்தி வரும். இரண்டு தடவை கழிப்பறையில் மயங்கி விழுந்தாள். உன் சீட் காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடு என்று அண்ணன் வாரம் தவறாமல் செய்தி அனுப்புகிறான். அங்கே மறுபடி போய் உட்கார்ந்தால் செத்துப்போய்விடுவோம் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

காலையில் வேன் வாசலில் நின்றதும் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு நாள் கொறையுதுண்ணே. நாளைக்கு எனக்கு வயசு தாண்டிருது. இன்னைக்கு மட்டும் ஏத்திக்கோங்க."

"பதினோரு சீட்டுதாம்மா. மடியில தூக்கி வச்சுக்கவா? போலீஸ் புடிச்சா நீ வந்து கட்டுவியா?"

புதுப்பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரும் அசையவில்லை. கடைசி வரிசையிலிருந்து யேரின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"எஞ்சீட்டுல அக்கா வரட்டும்."

"எறங்கினா ஒரு வாரத்துக்கு ஒம்பேரு கெடையாது. தெரியும்ல?" என்றான் பியோ.

"எழுதாட்டிப் போங்க. எனக்குத்தான் எண்பத்தெட்டு ஆயிருச்சே!" என்று நாக்கைத் துருத்திக் காட்டினாள் யேரின். நாரேவின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள். "போக்கா, போய் மரத்த மொட்டையடிச்சுட்டு வா."

நாரே வெறி பிடித்தவள்போல் பறித்தாள். எட்டு மணிக்குள் ஒரு தொட்டி. கத்தரி பட்டு விரலில் ரத்தம் வந்தது, துடைக்கக்கூட நிற்கவில்லை. ஒன்பதரைக்கு முதல் தூறல் விழுந்தது. கமலா ஆரஞ்சை ஈரத்தில் தொடக் கூடாது. விரல் பட்ட இடமெல்லாம் தோல் கன்றி, பெட்டிக்குள் அழுகிவிடும். தோட்டக்காரர் டிராக்டரில் வந்து கையை ஆட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னார். நாரே ஏணியிலேயே நின்றாள். "நின்னுரு, நின்னுரு" என்று மழையிடம் கெஞ்சினாள். இலையெல்லாம் சொட்டத் தொடங்கிய பிறகும் நின்றாள். கடைசியில் பியோ வந்து ஏணியைத் தட்டினான்.

கொட்டகையில் ஒரு மணிவரை காத்திருந்தார்கள். மழை விடவில்லை.

"ரெண்டரை மணி நேர வேலைய ஒரு நாள்னு எழுத முடியாதும்மா," என்றான் பியோ. நாரே அழுதுகொண்டே இருந்தாள். அவன் சிகரெட்டைப் பாதியில் நசுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஏப்ரல்ல அந்தப் பொண்ணு தொப்பியப் போட்டுக்கிட்டு வந்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பத்து வருஷமா ஆள் ஏத்துறேன். தொப்பி மாத்தினா ஆளு மாறிருமா?"

நாரே நிமிர்ந்து பார்த்தாள்.

"சீட்டு அடிக்கிறது நான்தான். அந்த நாள ஒம்பேருக்கே மாத்தித் தர்றேன். பொய் இல்லையே, வேல செஞ்சது நீதானே? ஆனா அவ வாயால சொல்லணும். அப்புறம் எங்கிட்ட வந்து யாரும் சண்டைக்கு நிக்கக் கூடாது."

வேன் திரும்பும் வழியெல்லாம் நாரே கணக்குப் போட்டாள். யேரினுக்கு எண்பத்தேழு ஆகிவிடும். ஒன்பது நாள் இருக்கிறது. அதில் ஏழு நாள் பலகையில் அவள் பேர் வராது. மிச்சம் இரண்டு நாள். அந்த இரண்டிலும் மழை என்று போன் காட்டியது. சின்னப் பெண்தானே, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொன்னாள். அந்த நாள் என்னுடையதுதானே, என் உழைப்புதானே என்றும் சொன்னாள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, ஐயோ, சொல்லிவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

யேரின் அடுப்படியில் நின்றிருந்தாள். நனைந்த துணியைக்கூட மாற்றாமல் நாரே எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு நாள் கணக்கை மட்டும் சொல்லவில்லை. மழையைப் பற்றியும் சொல்லவில்லை.

யேரின் கரண்டியைக் கீழே வைத்தாள். பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ போகலேன்னா எனக்கு அந்த நாளே இல்லியேக்கா," என்றாள். போனை எடுத்துப் பியோவை அழைத்து, "மாத்திருங்கண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள்.

ஐந்து மணிக்குப் புதுச் சீட்டு வந்தது. ஆறு மணிக்கு நாரே விண்ணப்பத்தை அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

யேரின் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஆவி பறக்கும் கடற்பாசி சூப், ஊரில் பிறந்தநாளுக்கு வைப்பது.

"பொறந்தநாளு நாளைக்குத்தான். ஆனா மழைல நனைஞ்சுட்டு வந்திருக்க, இன்னைக்கே குடி. வீட்டுல இருந்தா அம்மா வச்சுக் குடுத்திருப்பாங்கல்ல?"

நாரே குடித்தாள். யேரின் எதிரே உட்கார்ந்து, மோவாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரே நாள்தானேக்கா வேணும். கெடைச்சிரும்ல?"

"கெடைக்கும்டி," என்றாள் நாரே, கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல்.