நடுவில் பாடுகிறவர்

...இல்லை, இப்போதும் வலது பக்கம்தான். பேருந்து குலுங்குவதால் அப்படித் தோன்றுகிறதோ என்று சிக்னலில் நிற்கும்வரை காத்திருந்து கேட்டேன், நின்ற பிறகும் இயர்போனில் பாடுகிறவர் நெற்றிக்கு நடுவே வரவில்லை, வலது புருவத்துக்கு மேலே எங்கேயோ ஒதுங்கி நின்றுதான் பாடுகிறார், கூட்டத்தில் யாருக்கோ வழிவிட்டு நகர்ந்தவர் மாதிரி. மடியில் போன், போனின் அடியில் செருகிய டாக், அதிலிருந்து கிளம்பி இரண்டு காதுக்கும் பிரிகிற வயர். டாக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு உலோகக் கட்டி, என் போனில் இயர்போன் செருகத் துளை கிடையாது, போனுக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது, அந்த எண்களை வாங்கி மின்சாரமாக்கிக் காதுக்கு அனுப்புவது இந்தக் கட்டியின் வேலை. அக்கா இதை வால் என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போகட்டும். இதை மாட்டிக்கொண்டு முதல்முறை கேட்ட அன்று, வரியைத் தொடங்குவதற்கு முன் பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது, கிட்டார் கம்பியில் விரல் வழுக்குவது கேட்டது, எங்கோ பின்னால் யாரோ நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தது கூட. இத்தனை பேர் இந்தப் பாட்டுக்குள் இருந்திருக்கிறார்களா, இவர்களை யார் எங்கெங்கே உட்கார வைத்தது, அந்த வேலையை யார் செய்கிறார்கள்... இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒலிக்கலவை மாலை வகுப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கு அந்த வகுப்பில்தான் எங்களில் யார் தயார் என்று மேடம் கேட்கப் போகிறார். அடுத்த வாரம் ஒரு பாட்டுக்குழு பதிவுக்கு வருகிறது, பெரிய ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து குரல்களைக் கலக்க எங்களில் ஒருவர் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற வாய்ப்பு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைத்தான் பிறகு வெளியே வேலைக்கும் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இதை இவ்வளவு பச்சையாக எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேண்டும். கை தூக்கலாம் என்றுதான் இருந்தேன், போன வாரம் மேடம் எங்கள் பயிற்சிகளைப் பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டும்வரை. என்னுடையது ஓடியது. மேடம் தலையைச் சாய்த்தார். "இந்தப் பாட்டுல பாடறவங்களுக்கு ஜன்னல் சீட்டுதான் வேணுமாம், எடது பக்கமே போய் ஒட்டிக்கிட்டிருக்காங்க. நடுவுல உக்காந்தா முள்ளு குத்துமா?" வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன், யாருடைய வேலை இது என்று தேடுகிறவள் போலத் திரும்பிக்கூடப் பார்த்தேன். அந்தக் குரலை நடுவில் வைக்க நான் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் ஒதுங்கி நின்றவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் தள்ளி, நடுவுக்கு வந்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் எழுந்தேன்.

சரி, டாக் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். கடைக்கு எடுத்துப் போனேன், கடைக்காரர் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். புதியதிலும் வலது பக்கம். மறுபடி போனேன். அவர் இந்தமுறை கல்லாவை விட்டு எழுந்து வந்து, என் இயர்போனைத் துடைத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார், கடைசியில் லேசாகத் தலைகூட ஆட்டினார். "தங்கச்சி, எனக்கு நெத்தி நடுவுல பாடறாரு. ஒனக்கு எங்க பாடறாரு?" நான் டாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "மூணாவது குடுத்தா அதுவும் இதையேதான் சொல்லும். நான் குடுக்கறேன், எனக்கென்ன." வேண்டாம் அண்ணா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இயர்போனாக இருக்கலாம், போனாக இருக்கலாம், பாட்டையே அப்படிக் கலந்திருக்கலாம்... இதையெல்லாம் ஒரே அடியாகத் தீர்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது, அது எனக்கு வாரக்கணக்காகத் தெரியும். இயர்போனை மாற்றிப் போட்டால் போதும், இடதை வலதில், வலதை இடதில். கோளாறு சாமானில் என்றால் குரல் இடது பக்கம் தாவிவிடும். தாவாமல் வலது பக்கமே நின்றால்... நின்றால் என்ன, அந்த வாக்கியத்தை முடி. ஏன் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் பாட்டை மாற்றுகிறாய்? இந்த இயர்போன் காதின் வளைவுக்கு ஏற்றபடி செய்தது, மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது, முடிவைச் சரியாகச் சொல்லமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறேன் என்று வகுப்பில் எனக்கு டபுள்செக் என்று பெயர், அந்த டபுள்செக் இதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நாளெல்லாம் எனக்கு வேலை பார்சல் வராதவர்களின் புகாரைக் கேட்பது. ஒற்றைக் காது ஹெட்செட். இடது காதில் மாட்டுவேன், வலது காது மேற்பார்வையாளர் கூப்பிட்டால் கேட்பதற்கு. அங்கே பேசுகிறவர்களில் பாதிப் பேர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்கள், மீதிப் பேர் கத்துகிறார்கள், கிணற்றுக்காரருக்காக ஒலியை ஏற்றி வைத்திருப்பேன், அடுத்த அழைப்பில் கத்துகிறவர் வந்துவிடுவார். சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். முந்தாநாள் அக்கா சமையலறையிலிருந்து, "ஏண்டி, நாலு தடவ கூப்பிட்டேன், மகாராணிக்குக் காது கேக்கலையா?" என்றாள், வால் மாட்டியிருந்தேன் என்றேன், "வால் மேஜைமேல கெடக்கு" என்றாள். அவள் என் இடது பக்கம் நின்றிருந்தாள் என்று இப்போது ஏன் ஞாபகம் வருகிறது. இப்போது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன்? இடது வரிசையில் ஜன்னலோரம். நேற்றும் இங்கேதான், அதற்கு முன்னும் இங்கேதான், காற்று நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே உட்கார்ந்தால் பக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரும் வலது பக்கம்தான் உட்காரமுடியும். வகுப்பிலும் இடது சுவரை ஒட்டி. எனக்குத் தெரியாமலேயே உடம்பு தனக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொண்டு விட்டதா? அப்படியென்றால் பாட்டில் பாடுகிறவருக்கு மட்டுமா ஜன்னல் சீட்டு... போதும். இன்று கை தூக்குகிறேன். ஆனால் எது உண்மை என்று தெரிந்துகொண்டுதான் தூக்குவேன், அதற்கு முன்னால் இல்லை. பேருந்தில் வேண்டாம், இரைச்சல் ஒரு சாக்காகிவிடும்.

வகுப்பு இருப்பது ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, படி திரும்புகிற இடத்தில் உடைந்த கட்டில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அங்கே யாரும் நிற்பதில்லை. நின்றேன். மேடம் கொடுத்த சோதனை ஒலியைப் போட்டேன், அவருடைய குரலேதான், இடது என்று இடது பக்கத்திலிருந்து சொல்வார், வலது என்று வலதிலிருந்து, கடைசியில் நடு. முதலில் சரியாக மாட்டிக்கொண்டு கேட்டேன். நடு வலது பக்கம் விழுந்தது, அது தெரிந்ததுதானே. கழற்றினேன், மாற்றிப் போட்டேன், எதிர்பார்த்தது போலவே உட்காராமல் வழுக்கியது, இரண்டையும் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடது, என்று வலது காதில் சொன்னார் மேடம், சிரிப்பு வந்தது. வலது, என்று இடது காதில், கொஞ்சம் தள்ளி, பக்கத்து அறையிலிருந்து சொல்வது போல. பிறகு நடு. தாவவில்லை. அதே வலது புருவத்துக்கு மேலே. ஒரு காதில் மட்டும் அதிகமாக அமுக்கிவிட்டேனோ? விரலைத் தளர்த்தி, மறுபடி ஒரே அளவாக அமுக்கி, கண்ணை மூடி... நடு என்றார், வலது பக்கத்திலிருந்து. டாக்கின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாவம், கடைவரை போய்த் திரும்பிய பொருள், இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் கொடுத்திருக்கிறது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை, வந்தது ஒரு கணக்கு. என் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியும் என்றால் அது எங்கே பொய் சொல்கிறது என்றும் தெரியும். ஒவ்வொரு குரலையும் இரண்டு முறை கேட்கவேண்டும், நேராக ஒரு முறை, மாற்றிப் போட்டு ஒரு முறை. இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிற குரல்தான் நடுவில் இருக்கிற குரல். அது எனக்கு வலது புருவத்துக்கு மேல் கேட்டால் கேட்கட்டும். நேரம் பிடிக்கும். எனக்கு எது நேரம் பிடிக்கவில்லை?

மேடம் கேட்டபோது என் கைதான் முதலில் போனது, மேலே போன பிறகுதான் நானே பார்த்தேன். "நான் உக்கார்றேன் மேடம். ஆனா ஒண்ணு சொல்லிடணும். அந்த ஜன்னல் சீட்டுப் பாட்டு என்னோடது. எடது காது எனக்குக் கம்மியா கேக்குது." பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "யார் சொன்னா?" என்றார் மேடம். "யாரும் சொல்லல. இப்பத்தான் படியில மாத்திப் போட்டுப் பார்த்தேன்." "அமுக்கிப் பிடிச்சியா?" "பிடிச்சேன். ரெண்டு தடவ." பின்வரிசையிலிருந்து, "பின்ன, டபுள்செக்காச்சே" என்று ஒரு குரல், இந்தமுறை சிரிப்பு பெரிதாக எழவில்லை. மாற்றிப் போட்டுக் கலக்கிற என் திட்டத்தைச் சொன்னேன், சொல்லும்போதே அது படிக்கட்டில் இருந்ததைவிடச் சின்னதாக ஒலித்தது, இருந்தாலும் முழுவதையும் சொன்னேன். மேடம் என்னைப் பார்க்காமல் மேசையின் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல டாக்டர்கிட்ட காட்டு. அழுக்கு அடைச்சிருந்தா எடுத்துடுவாங்க, வேற எதுவும்னா அதுவும் தெரிஞ்சிடும். ஒம் பேர எழுதிக்கறேன்." பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறெதையோ தேடினார். "பென்சில்ல எழுதறேன். சரியா?" சரி என்றேன். பென்சில் போதும். அழிக்கமுடியும் என்றாலும் எழுதியதுதானே.

திரும்பும்போது பேருந்தில் வலது வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், இடது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டாள், முழுவதாகத் திரும்பி, "என்ன கேட்டீங்க?" என்றேன், நிறுத்தம் எப்போது வரும் என்றாள், சொன்னேன். இவ்வளவுதான், திரும்பவேண்டும், கேட்கவேண்டும், அதில் என்ன குறைந்துபோயிற்று. டாக்கை மாட்டி ஒலியை நன்றாகக் குறைத்து வைத்தேன். மருத்துவரை நாளை மாலை பார்க்கலாம், அதற்கு முன் நாளைக் காலை இருக்கிறது, அலுவலகத்தில் அந்த ஒற்றைக் காது ஹெட்செட் இருக்கிறது, அதன் மைக் தண்டு எந்தக் காதுக்கும் ஏற்றபடி திரும்பும், சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைத் திருப்பியதில்லை. இடதிலேயே மாட்டினால் அந்தக் காதில் மிச்சமிருப்பதும் போய்விடும்... வலதுக்கு மாற்றினால் ஒலிக்கலவை மேசைக்கென்று வைத்திருக்கிற நல்ல காதை அல்லவா அந்தக் கிணற்றுக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். எதில் மாட்டுவேன்? பாடுகிறவர் மூச்சு இழுத்தார், வலது பக்கத்திலிருந்து தொடங்கினார். இவரையாவது மாற்றிப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், அந்த ஹெட்செட்டில் நடு என்று ஒரு இடமே கிடையாது.