பெரிலுக்குப் பதிலாக

கல்மதிலைத் தாண்டச் செருகியிருந்த படியில் ஏறக் காலைத் தூக்கியபோதுதான் ஆட்ரிக்குத் தெரிந்தது, போட்டிருப்பது கணவர் நார்மனின் பூட்ஸ் என்று. வாசலில் கிடந்ததைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அடிக்கு அடி பனி அவள் காலை விட்டுவிட்டு பூட்ஸை மட்டும் பிடித்துக்கொள்ளப் பார்த்தது.

விடிகாலை ஐந்தரைக்கு அவர் போய்விட்டார். மூன்று நாள் பெய்த பனியில் சாலை மூடிக் கிடந்தது. பக்கத்துப் பண்ணை டெரிக்தான் டிராக்டரில் நர்ஸை ஏற்றி வந்தான். அவள் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆட்ரியின் தோளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். சவப்பெட்டிக்காரர்கள் நாளைக்குத்தான் வர முடியுமாம்.

"இந்தப் பனியில எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டான், நர்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்த டெரிக்.

"மலைக்கு அந்தப் பக்கம். பெரில்கிட்ட சொல்லணும்."

அவன் கையிலிருந்த டீக் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. "போன்ல சொல்லிடலாமே."

"சொல்லலாம்."

"நீ வர்ற வரைக்கும் நான் நார்மன்கூட இருக்கேன், போ" என்றான்.

பெரில் நார்மனின் முதல் மனைவி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஆட்ரியை முன்னிட்டு அந்த வீட்டை விட்டுப் போனவள். பிறகு தபால் ஆபீஸிலோ ஆட்டுச் சந்தையிலோ எதிர்ப்பட்டால் இருவரும் லேசாகத் தலையசைத்துக்கொள்வார்கள். பேசியதே இல்லை.

மேட்டு வயலில் ஏற ஏற ஓசைகள் ஒவ்வொன்றாக விலகின. முதலில் டெரிக்கின் நாய் குரைப்பது நின்றது. அப்புறம் ஓடைச் சத்தம். கடைசியில் தன் மூச்சு மட்டும். அதுவும் யாரோ பின்னால் வருகிறவருடையதைப் போல. வானமும் நிலமும் ஒரே வெள்ளையாக இருந்தன, நடுவில் கோடு இல்லை. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை முழங்கால்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று இரவு தூங்காத கண்ணுக்கு முள்மரங்கள் மெல்ல இடம் மாறுவதாகத் தெரிந்தது. மதிலோரம் ஒண்டியிருந்த ஆடுகள் அழுக்கு மஞ்சளாக நின்றன, முதுகில் பனியும் மூக்கில் ஆவியுமாக. ஒன்றுகூட விலகவில்லை. அங்கே அவள் இல்லை என்பதுபோல் நின்றன. ஒரு முயல் குறுக்கே ஓடிவந்து, நின்று, அவளைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்குள் கரைந்து போயிற்று.

தேவாலய மணி பதினொன்று அடித்தது. இடப்பக்கம் கேட்க வேண்டிய மணி வலப்பக்கம் கேட்டது. அவளுக்குப் பயமாக இல்லை. இப்படியே நடந்துகொண்டிருக்கலாம், எந்த வீட்டுக்கும் போய்ச் சேராமல், யாரிடமும் எதையும் சொல்லாமல். அதுவரை நார்மன் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். எழுந்ததும் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டாயிற்றா என்று கேட்பார்.

உச்சியில் எவ்வளவு நேரம் நின்றாளோ. கீழே ஒரு புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கையில் கரி வாளியோடு கதவைத் திறந்த பெரில், ஆட்ரியின் முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டானா?"

"காலைல. அஞ்சரைக்கு."

"உள்ள வா. கதவைச் சாத்து, குளிர் வருது."

அடுப்புக்கு முன்னால் ஆட்ரி நின்றுகொண்டே இருந்தாள். அவள் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உட்காரேன். யாரும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க." பெரில் கோப்பையை நீட்டினாள். "சர்க்கரை போட்டிருக்கேன். பிடிக்கலைன்னாலும் குடி."

ஆட்ரி கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு நாளா என்னைப் பெரில்னுதான் கூப்பிட்டார்."

பெரில் அடுப்பில் கரியை அள்ளிப் போட்டாள்.

"முதல்ல நான் ஆட்ரி, ஆட்ரின்னு சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன். நேத்து சாயங்காலம் கையைப் பிடிச்சுகிட்டு, 'பெரில், இன்னும் கோவமா?'ன்னு கேட்டார்."

அடுப்பில் கரி சரிந்தது.

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன். உங்க பேரை வச்சு நான் சொல்லிட்டேன். எனக்கு என்ன உரிமை இருக்கு? அதைப் போன்ல சொல்ல முடியல. அதான் வந்தேன்."

பெரில் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றாள்.

"நான் இருந்திருந்தா, ஆமா, கோவம்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"என்னிக்காவது வந்து கேப்பான்னு, பதிலை வச்சுகிட்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கேன். கடைசில உன்கிட்ட போய்க் கேட்டிருக்கான், மடையன்." கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை விரலால் துடைத்தாள். "இல்லைன்னு சொன்னதும் என்ன பண்ணினான்?"

"தூங்கினார்."

"நிம்மதியாவா?"

ஆட்ரி யோசித்தாள். "குறட்டை விட்டார்."

பெரிலின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. "கூரையே பிச்சுகிட்டுப் போகுமே அது" என்றாள். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

"டீயைக் குடிச்சு முடி. இருட்டறதுக்குள்ள போயிடணும்."

"நீங்க எங்க வர்றீங்க?"

"எங்கயா? டெரிக்கைத்தானே உட்கார வச்சிருப்ப. வாயைத் திறந்தா நிறுத்தத் தெரியாது அவனுக்கு. பாவம் நார்மன்."

திரும்பும் வழியில் பெரில் முன்னால் நடந்தாள். வழுக்கிய இடத்தில் மட்டும் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள், ஆட்ரி பிடித்துக்கொண்டாள். வெயில் போலொன்று வந்து, வயல்கள் இளஞ்சிவப்பாகி, மறுபடியும் வெளுத்தன.

வீட்டு வாசலில் பெரில் பூட்ஸைத் தட்டிக்கொண்டாள். ஈரத்தில் உப்பி இறுகும் கதவு அது. எப்படித் திறப்பதென்று சொல்ல ஆட்ரி வாயெடுத்தாள். அதற்குள் பெரில் கைப்பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கி, முழங்காலால் கீழ்ப்பலகையில் ஒரு இடி இடித்தாள். கதவு திறந்தது.

ஆட்ரி ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.