ஒரே ஒரு ஐபோனுக்காக

1

"யோசனை உன்னுது. எந்த லாங்குவேஜ்ல எழுதலாம், நீயே சொல்லு" என்று மணவாளன் சார் என்னிடம் கேட்டார்.

போன ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி பஜாரில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு பயிற்சி மையம். ஆறு கம்ப்யூட்டர், பதினொரு பேர். மொபைல் ஆப் செய்யக் கற்றுத்தரும் நான்கு மாத இலவச வகுப்பு. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். முந்தின நாளே நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்: ஜாவா. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "நீங்களே சொல்லுங்க சார்."

அந்த மூன்று வார்த்தையிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. வேறு எங்கிருந்தாவது வந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அதிகாலைப் பனியில் சிப்காட் விளக்குகள் நட்சத்திரங்களைப் போல..."

வேண்டாம். சிப்காட் விளக்குகள் சிப்காட் விளக்குகளைப் போலத்தான் இருக்கும்.

அடுத்து: "கங்கம்மா ஒரு பாவப்பட்ட பெண்." அடித்துவிட்டேன். கங்கம்மா அக்கா இதைப் படித்தால் நோட்டைப் பிடுங்கி அதாலேயே என் மண்டையில் போடுவாள்.

இனி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கங்கம்மா அக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒன்பது வருடமாகியும் கான்ட்ராக்ட்தான். ப்ளஸ் ஒன் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு*, யாருக்கும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தபோது, தினமும் சாயங்காலம் தன் போனை என் மடியில் போட்டுவிட்டுப் போனவள். அதில் வீடியோ பார்த்துத்தான் ஜாவா படித்தேன். பார்த்ததை நோட்டில் எழுதுவேன். வலது பக்கம் கோடிங். இடது பக்கம் யாருக்கும் காட்டாத மற்றதெல்லாம்.

"இன்னாடி அசுனி, தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடில ஓட்ட போட்டுறாத" என்பாள். என் பெயர் அஸ்வினி. அவள் வாயில் அது இன்றுவரை வரவில்லை.

(* ஏன் விட்டேன் என்பது வேறு நோட்டில் இருக்கிறது. அதைத் தர மாட்டேன்.)

3

இப்போது சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலனி முனையில் ரேஷன் கடைச் சுவர். கம்பெனி பஸ் ஓட்டும் ஆதிகேசவன் அண்ணன் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு, மறுநாள் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று சாக்பீஸால் அந்தச் சுவரில் எழுதிவிட்டுப் போவார். 5.40. 5.10. சில நாள் 4.50. தண்ணீர் பிடிக்கப் போகும் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குடத்தோடு நிற்பவர்கள் யாராவது சொல்வார்கள். மழை பெய்தால் அழிந்துவிடும். அது ஒன்றுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று கிளம்பியது நான்தான். பஸ் நேரத்தைப் போனுக்கு அனுப்பும் ஓர் ஆப். (யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று காத்திருக்கும் வாசகர்கள் இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.)

பஸ் ஏறும் பதினான்கு பெண்களின் போனையும் வாங்கிப் பார்த்து, எது எந்த ஆண்ட்ராய்டு என்று எழுதிக்கொண்டேன். பதின்மூன்று பேருடையது ஓரளவு புதிது. கங்கம்மா அக்காவுடையது மட்டும் பழைய ஆண்ட்ராய்டு 5.1. ஜாவாவில் எழுதினால் அதிலும் ஏறும். டார்ட் என்று இன்னொரு லாங்குவேஜ்; அதில் எழுத எங்கள் மையத்தில் போட்டிருந்த புதுப் பதிப்பு ஆண்ட்ராய்டு ஏழுக்குக் கீழே உள்ள போன்களைக் கைவிட்டுவிட்டது. விஷயம் அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை, கேள்விக்கு முன்னால் நடந்தது:

"டார்ட்ல எழுதினா ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடும். ஒரே வேல" என்றார் சார்.

பின் வரிசையிலிருந்து மதன் கேட்டான், "காலனில யாரு சார் ஐபோன் வச்சிக்கினு கீறாங்க? ஐபோன் கவர வச்சிருந்தாலே எங்க ஊர்ல பொண்ணு குடுப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "கம்பெனி எச்.ஆர். வச்சிருக்கார்டா. அவர் போன்ல ஓடிக் காட்டினாதான் சரின்னுவார். அவர் சரின்னாதான் ஆப்பே."

அதாவது, பதினான்கு பெண்கள் பார்க்க வேண்டிய ஆப். அதற்கான லாங்குவேஜைத் தீர்மானித்தது பஸ்ஸே ஏறாத ஓர் ஆளின் சட்டைப் பை.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். மற்ற பத்து பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் டிப்ளமோ, டிகிரி. நான் ப்ளஸ் ஒன் பாதி. பதில் சொல்லியாயிற்று, மேலே பாருங்கள்.

5

மணவாளன் சாரைக் கெட்டவராக எழுத மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவை மீசை வைத்தேன். ஒரு தடவை லஞ்சம் வாங்க வைத்தேன். எதுவும் அவர் மேல் ஒட்டவில்லை. அவர் வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரல் போய், அங்கே வண்டி மாறி, கும்மிடிப்பூண்டிக்கு வருகிறவர். நான் மார்க் ஷீட் இல்லாமல் போய் நின்றபோது, "அத எதுக்கு கேக்கப் போறேன், உக்காரு" என்றவர்.

கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! அவரைத் திட்டி இந்தக் கதையை இரண்டே பக்கத்தில் முடித்திருப்பேன்.

6

டார்ட்டில் எழுதினோம். எட்டு வாரம். ஐபோனுக்கானதை மையத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்தில் தயார் செய்து அனுப்பினார்கள். எச்.ஆர். தன் போனில் தட்டிப் பார்த்து, "நைஸ்" என்றாராம். போட்டோ எடுத்தார்கள். நான் ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்கிறேன்.

அன்று சாயங்காலம் கங்கம்மா அக்கா போனை நீட்டினாள்.

"இன்னாடி சொல்லுது?"

"ஏற மாட்டேங்குதுக்கா. போன் பழசு."

"பழசா? இதுல தான நீ படிச்ச? அப்ப மட்டும் இது புச்சா?"

"வேற போன் இருந்தா..."

"உங்க நைனா டப்பு தருவாரா? வாங்கிக்கலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "போடி. சொவுத்துல எழுதறது கீதுல்ல, அது போதும் எனுக்கு."

அடுத்த திங்கட்கிழமை சுவரில் எழுதக் கூடாது என்று கம்பெனி ஆதிகேசவன் அண்ணனுக்குச் சொல்லிவிட்டது. "அதான் ஆப் வந்துடுச்சே, இன்னாத்துக்கு சொவுத்துல கிறுக்குற?"

7

இந்தப் பகுதியை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன்.

சுவரில் எழுதிய காலத்தில் கம்பெனி நேரத்தைச் சாயங்காலத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஆதிகேசவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் எழுத ஆள் இல்லை. ஆப்பில் அப்படி இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சாயங்காலம் 5.40 என்று வரும். எல்லோரும் படுத்த பிறகு 5.10 ஆகும். விடிவதற்குள் 4.50 ஆகும். "நேரத்தை மாற்று" என்ற அந்தப் பொத்தானை எழுதியது யார்? மணவாளன் சாரா? டார்ட்டா? நான். இத்தனை மணிக்கு மேல் மாற்றக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். நான்கு வரி. எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருடம் அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவள், சுவர் என்ன வேலை செய்தது என்று பார்க்கவில்லை.

கங்கம்மா அக்காவின் பக்கத்து வீட்டு பிரேமா அக்கா, அதே பஸ்ஸில் போகிறவள், தினமும் சாயங்காலம் அவளுக்கு நேரத்தைச் சொல்லிவிடுவாள். பிறகு அது மாறிவிடும். காலையில் மெசேஜ் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஓடுகிறவள், கதவைத் தட்ட மறந்துவிடுவாள். ஒரு மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனது. கான்ட்ராக்டில் மூன்று ஆப்சென்ட் என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது தடவை அக்கா ஷேர் ஆட்டோ பிடித்துக் கேட் வரைக்கும் போயிருக்கிறாள். கான்ட்ராக்டர் அன்புராஜ் வெளியே வந்தான்.

"ஆப்ல போட்டுக்கினுதான கீறாங்க, பாக்க மாட்டியா?"

"என் போன்ல ஏறல நைனா."

"அது உன் பேஜாரு. கார்டக் குடு."

ஒன்பது வருடம் கேட்டில் காட்டி உள்ளே போன கார்டு. "கார்டக் குடு."

8

முடிவுகள்.

அ) நான் எச்.ஆர். அறைக்குள் போய், மேசையில் நோட்டைப் போட்டுக் கத்துகிறேன். அவர் தலைகுனிந்து கார்டைத் திருப்பித் தருகிறார். (அந்த கேட்டை நான் தாண்டியதே இல்லை. அறைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடத் தெரியாது.)

ஆ) மணவாளன் சார் மன்னிப்புக் கேட்கிறார். இது உண்மையில் நடந்தது. "நான் அந்த ஒரு போனை யோசிக்கலம்மா" என்றார். கம்பெனிக்கும் எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. நடந்தாலும் இது முடிவு ஆகாது.

இ) பதின்மூன்று பெண்களும் ஆப்பை அழித்துவிட்டு, "சொவுத்துல எழுது, அப்பதான் ஏறுவோம்" என்று பஸ்ஸை மறித்து நிற்கிறார்கள். இது எனக்குப் பிடித்த முடிவு. இதை எழுத எனக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பதின்மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கதையில் அவர்களை மறியலுக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து பேனாவை மூடி வைத்துக்கொள்வதா? யாருடைய காசில் எனக்கு வீரம்?

பிடித்தவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம்.

9

நான் செய்தது இது. முழு ஆப்பையும் ஜாவாவில் திரும்ப எழுதினேன். நோட்டில் கையால் எழுதி, மையத்தில் மெஷின் காலியாகும்போது தட்டி, பதினோரு நாள். யாரிடமும் கேட்கவில்லை. எழுதும்போது பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. அவ்வளவு கோபம். யார் மேல் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கங்கம்மா அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்தாள். போனை வாங்கி ஏற்றினேன். ஏறிவிட்டது. திறந்தது. நான் நினைத்ததைவிட வேகமாகத் திறந்தது.

"ஏறிடுச்சுக்கா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். ஒரு வருடத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான். "ஜாவால எழுதினேன். முதல்லயே இதுலதான் எழுதியிருக்கணும். எனுக்குத் தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும். நான் சொல்லல."

திரையில், பெரிய எழுத்தில்: நாளை காலை பஸ் 5.10.

எழுத்துக் கூட்டிப் படிப்பவள். உதடு அசைந்தது. படித்து முடித்த பிறகும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் அவள் மனசில் என்ன ஓடியது என்று எழுதுவதற்காக இங்கே அரைப் பக்கம் விட்டிருந்தேன். அதை எழுத மாட்டேன். அவளுக்காக ஒரு தடவை தீர்மானித்தது போதும். உங்களுக்குத் தெரியும் என்று தோன்றினால், உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்து, புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள். இனி ஏற முடியாத பஸ்ஸின் நேரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கங்கம்மா அக்கா இறங்கிப் போனாள்.