காணாமல் போன கியர் குமிழ்

குதிரையை விற்கும்போது அதன் பிடரியிலிருந்து நாலு மயிரைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். குதிரையோடு சேர்ந்து வீட்டு அதிர்ஷ்டமும் போய்விடக் கூடாதாம். கார் வந்த பிறகும் இது விடவில்லை. எங்கள் தலைநகர் உலான்பாத்தர் ஓரத்தில், பழைய கார்களை வாங்கிப் பிரிக்கும் என் கிடங்குக்கு ஓடாத ஹைபிரிட் காரை விற்கத் தள்ளிக்கொண்டு வருகிறவன், போகும்போது எதையாவது திருகிப் பையில் போட்டுக்கொள்வான். அது எப்போதும் எனக்கு வேண்டிய சாமானாகத்தான் இருக்கும். பதினைந்து வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு காருக்காக உழைத்தேன். என் மனைவி ஒதோனின் கார். இரண்டு வருடத்துக்கு முன், அவள் கொரியாவுக்கு வேலைக்குக் கிளம்பிய வாரம் அதன் பேட்டரி செத்தது. புத்தாண்டுப் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் காரிலேயே விமான நிலையத்தில் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதன் பேட்டரிக்குள் இருபத்தெட்டு நல்ல செல்கள் வேண்டும். செத்த பேட்டரிகளைப் பிரித்து, உயிர் இருப்பதாகப் பொறுக்கினேன். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறப் பிடியை உருவிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும்; அவசரப்பட்டால் ஆள் காலி. மைனஸ் முப்பது குளிரில் அந்தப் பத்து நிமிடம் லேசில் போகாது. பேச ஆளில்லாமல் கார்களோடு பேச ஆரம்பித்திருந்தேன்.

இருபத்தேழு தேறின. இன்னொன்று பக்கத்துக் கிடங்கு ஜம்பலிடம்தான் இருக்கும். அவரோடு பேச்சு நின்று இரண்டு வருடம். ஒதோன் கிளம்பிய அன்று அவர் ஸ்பானர் கேட்டு வந்துபோனார். சாயங்காலம் பார்த்தால் அவள் காரில் கியர் கம்பியின் தலையிலிருந்த நீலக் குமிழைக் காணோம். நாலு பேர் எதிரில் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டேன்.

வெட்கத்தை விட்டுப் போனேன். காரிலிருந்து கழற்றிய பின்சீட்டைப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க போலீஸ்காரரே. இன்னைக்கு எதைக் காணோம்?"

"ஒரு செல் வேணும்ணே. ஒதோன் வர்றா."

"திருடன் குடுத்த செல்லுல பொண்டாட்டியக் கூட்டியாரப் போறியாக்கும்?"

சொன்னாரே தவிர, மீட்டர் வைத்துப் பார்த்து இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் காரில், ஓடத் தயார் என்கிற பச்சை விளக்கு எரிந்தது. தலைகால் புரியவில்லை. உடனே ஒதோனை வீடியோவில் கூப்பிட்டேன்.

"பாத்தியா? உன் வண்டி ஓடுது!"

அவள் சிரிக்கவில்லை. "எதுக்கு லுவ்சன் இவ்ளோ கஷ்டப்பட்ட?"

அவளுக்குப் பின்னால் ஜன்னல் மேடையில், குவளைகளுக்கு நடுவே அந்த நீலக் குமிழ் இருந்தது.

"அது நம்ம வண்டியோடதுதானே?"

திரும்பிப் பார்த்தாள்.

"கிளம்புற அன்னைக்கு எடுத்தேன். நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். தினம் பாக்குறதுதானே உனக்கு."

"பண்டிகைக்கு வர்றியா, இல்லையா?"

"வரலை லுவ்சன். இனிமே வரவே மாட்டேன்."

விற்கிறவன் கை எதைத் திருகுகிறது என்று பதினைந்து வருடம் பார்த்தவனுக்குத் தன் வீட்டுக்காரி கை தெரியவில்லை. காரை, வீட்டை, என்னை அன்றே கைகழுவிவிட்டுத்தான் போயிருக்கிறாள். ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதேன்.

பிறகு ஆரஞ்சுப் பிடியை உருவினேன். பத்து நிமிடம் நின்றேன். கடைசியாகப் போட்ட செல்லைக் கழற்றிக்கொண்டு ஜம்பலிடம் போனேன்.

"ஏன், வேலை செய்யலையா?"

"செய்யுது. குமிழை நீங்க எடுக்கலண்ணே. அவதான் எடுத்துட்டுப் போயிருக்கா."

அவரும் கிடங்குக்காரர்தான், அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்சீட்டில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு. அதக் கீழ வை."

உட்கார்ந்தேன். செல்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.