சுகிர்தாவின் முகம் தேறிய கதை

பெண்டாட்டிமேல் தமிழரசனுக்கு இருந்த பாசத்தை மானாம்பதியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பாசம்தான் சுகிர்தாவைப் படுக்கவைத்தது.

அவளுக்குக் காலையில் விரல் மடங்காது. வெயிலில் நின்றால் கன்னம் சிவந்துபோகும். டவுன் டாக்டரம்மா விவரமாகத்தான் சொன்னார். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறது. அதை அடக்கத்தான் மாத்திரை, நிறுத்தவே கூடாது என்றார்.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்பது மட்டும் தமிழரசன் காதில் நின்றது. கொரோனா வந்த வருஷம் எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று தெருவுக்கே கபசுரக் குடிநீர் ஊற்றிக்கொடுத்தவன் அவன். இருக்கிற சக்தியையும் குறைக்க ஒரு மாத்திரையா என்று பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் போட்டான். ஏரிக்கரை வேப்பமரத்தில் படர்ந்திருந்த சீந்தில் கொடியை அறுத்துவந்து, எதிர்ப்பு சக்தி ஏறட்டும் என்று தினமும் கஷாயம் வைத்துத் தன் கையாலேயே கொடுத்தான். அவள் முகம் சுளித்தால் கூடவே ஒரு துண்டு பனைவெல்லம்.

ஒரு மாதம் போனது. ஒட்டிக்கிடந்த கன்னம் உப்பியது.

"இன்னாடி, அம்மா வூட்ல ஒக்காந்து துன்னுட்டு வந்தவ மாரி பூசினாப்ல கீற?" என்றார்கள் நடவுக்கு வந்த பெண்கள்.

"மெட்டிகூட இறுக்கிப் புடிக்குதுக்கா," என்றாள் சுகிர்தா.

தமிழரசனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடியை அறுத்துக் கொடுத்தான்.

ஒருநாள் விடிந்ததும் இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினான். கன்னத்தில் ஏறியிருந்ததெல்லாம் நீர். அடக்க ஆளில்லாத சக்தி சிறுநீரகத்தில் கைவைத்திருந்தது.

நர்ஸ் வீங்கிய கால்விரலிலிருந்து மெட்டிகளை வெட்டி எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"மாத்திரைய ஏம்மா நிறுத்தின?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாந்தாம்மா மறந்துட்டேன்," என்றாள் சுகிர்தா. அவனை அவள் பார்க்கவில்லை.

விழுந்த திட்டெல்லாம் அவளுக்கே விழுந்தது. தப்பித்தோம் என்று தமிழரசனுக்கு ஒரு கணம் தோன்றியதும் உண்மை. அவன் வெட்கப்பட்டதும் உண்மை.

"கிட்னி தேறுமான்னு இப்ப சொல்ல முடியாது. வேற ஏதாவது குடிச்சியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"குடிச்சா," என்றான் தமிழரசன். "தெனம் நாந்தாம்மா கஷாயம் வெச்சிக் குடுத்தேன். மாத்திரைய பரண்ல போட்டதும் நாந்தான்."

வெட்டிய மெட்டிகள் அவன் உள்ளங்கையில் இருந்தன.

"மெட்டி புடிக்குதுன்னா. நல்லா கீறான்னு நெனச்சிக்கினேன்."